கரி பிடித்த வால்வும் என் கணக்கு நோட்டும்

"காரைப் பற்றி எழுத இவளுக்கு என்ன வந்தது?" என்று சகோதரிகள் சிலர் நினைக்கக் கூடும். நியாயந்தான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பள்ளியிறுதி வகுப்போடு என் படிப்பும் முடிந்து போயிற்று. ஆனால் குக்கர் விசில் அடிக்காமல் 'புஸ்' என்று ஆவியை விட்டால், கேஸ்கட் தளர்ந்து விட்டதா, வெயிட்டில் பருப்பு அடைத்துக் கொண்டதா என்று அடுத்த அறையிலிருந்தே சொல்லி விடுகிறோம் அல்லவா? கைக்குழந்தை அழுகிற தினுசை வைத்தே பசியா, வயிற்று வலியா என்று கண்டு கொள்கிறோம். அந்தக் காதும் கண்ணும் காருக்கும் உதவும். எங்கள் வீட்டில் உதவியது. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஸ்ரீரங்கம். கார் என்றால் ஆடம்பரக் கார் இல்லை. 2014-ல் தயாரான டீசல் கார். இரண்டாம் கையாக வாங்கியது. வாங்கியதே என் மாமியாருக்காகத்தான். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் தில்லைநகரில் டயாலிசிஸ். காலை ஆறரைக்கு உள்ளே போனால் வெளியே வரப் பதினொன்று ஆகும். நாலு மணி நேரம் ரத்தம் மெஷினுக்குள் போய் வந்த உடம்பு. வரும்போது துவண்ட வாழை இலை மாதிரி இருப்பார். பஸ்ஸிலோ, ஷேர் ஆட்டோவிலோ கூட்டி வர முடியாது.

போன வருஷம் ஆடி மாதம் அந்தக் காருக்கு நோய் வந்தது. முதலில் காலை வேளையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு நடுக்கம். டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் குட்டிப் பிள்ளையார் 'வேண்டாம், வேண்டாம்' என்று தலையாட்டுவது போல ஆடுவார். "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றார் என் கணவர். அடுத்த வாரம் சிக்னலில் நின்றாலும் நடுக்கம். அதற்கடுத்த வாரம் டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் போட்ட விளக்கு எரிந்தது. இரண்டு நாள் எரியும், ஒரு நாள் தானாக அணையும், மறுபடி எரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து வரும்போது மாம்பழச் சாலை சிக்னலில் கார் நின்றே போயிற்று. உச்சி வெயில். பின்னால் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடிக்கின்றன. ஏ.சி. நின்று போய் உள்ளே அனலாக இருக்கிறது. மாமியாருக்கு அன்றைக்கு ரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருந்தது. கண் மேலே செருகப் பார்த்தது. ஓர் ஆட்டோவை நிறுத்தி, டிரைவர் தம்பியும் நானுமாகத் தாங்கிப் பிடித்து ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தேன். அவர் நாற்பது நிமிஷம் காரோடு போராடி விட்டு வந்தார். வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில் காட்டினார். கம்ப்யூட்டரில் ஒரு சீட்டு அடித்துக் கொடுத்தார்கள். டர்போ மாற்ற வேண்டும், இன்ஜெக்டர் பார்க்க வேண்டும், இ.ஜி.ஆர். வால்வு புதிதாகப் போட வேண்டும்; மொத்தம் 62,000 ரூபாய். என் கணவருக்குச் சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்ன ஜெராக்ஸ் கடை. பையனின் பாலிடெக்னிக் கட்டணத்துக்கு என்று பாங்கில் வைத்திருந்தது 40,000. மீதிக்கு என் வளையலைத்தான் பார்த்தார். வாயால் கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

"பத்து நாள் பொறுங்க. எது கெட்டிருக்குன்னு தெரியாம மூணு சாமானை மாத்துறது, தலைவலிக்கும் வயித்து வலிக்கும் காய்ச்சலுக்கும் சேர்த்து ஊசி போட்ட மாதிரி இல்லையா?" என்றேன். அந்தப் பத்து நாளும் மாமியாரை ஆட்டோவில் கூட்டிப் போவதென்று முடிவு செய்தோம். கார் சும்மா நிற்கவில்லை. கடைக்கும் கோவிலுக்கும் அதை ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் நானும் கூடவே போனேன்.

நோட்டில் எழுதியது

பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதும் நோட்டில் எனக்கு டீசல் கணக்கும் உண்டு. எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டரில் என்று. அதைப் புரட்டியதுமே ஒன்று தெரிந்தது. சித்திரையில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, ஆடியில் 14-க்கு வந்திருந்தது. நோட்டின் பின் பக்கத்தில் கோடு போட்டு, கார் எப்போது, எங்கே, எப்படித் தொல்லை தருகிறது என்று எழுத ஆரம்பித்தேன். குழந்தைக்கு ஜுரம் வந்தால் மணிக்கு மணி எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுவோமே, அதே மாதிரி.

காலையில் குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் செய்தால் நடுக்கம். ஐந்து நாளில் நாலு நாள்.

சிக்னலில் நிற்கும்போது நடுக்கம். இரண்டு தடவை தானாகவே அணைந்தது.

ஐந்து பேர் ஏறி, ஏ.சி. போட்டு, ரயில்வே மேம்பாலம் ஏறினால் இழுவை இல்லை. ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் திணறுகிறது. சைலன்சரில் கறுப்புப் புகை.

சமயபுரம் போகும்போது நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக ஓட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. பிள்ளையார் ஆடாமல் அசையாமல் இருக்கிறார்.

தினமும் காலையில் கார் குளிர்ந்திருக்கும்போது பானெட்டைத் திறக்கச் சொல்லி, கூலன்ட் ஊற்றும் வெள்ளைப் பாட்டிலில் கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். குறையவில்லை. ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்ததில் ஆயிலும் கூடவில்லை, குறையவில்லை. வெள்ளைப் புகையோ நீலப் புகையோ ஒரு நாளும் வரவில்லை, கறுப்பு மட்டுந்தான்.

நெடுஞ்சாலையில் ஓடும்போது மட்டும் ஏன் நன்றாக இருக்கிறது என்பதுதான் எனக்குப் புரியாத புதிர். அதற்கு விடை சொன்னவன் என் மகன். ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கிறான்.

புகையை ஏன் திரும்ப உள்ளே விடுகிறார்கள்?

"அம்மா, இ.ஜி.ஆர். வால்வு செய்யற வேலையே வேடிக்கையானது. வெளியே போற புகையில கொஞ்சத்தைப் பிடிச்சு, திரும்ப இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும்" என்றான்.

"கழுவின தண்ணியை மறுபடி குடத்துல ஊத்துற மாதிரியா? எதுக்குடா அந்த அசிங்கம்?" என்று கேட்டேன். அவன் பொறுமையாகச் சொன்னான். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு ஆக்ஸிஜன். சாதாரணமாக இந்த இரண்டும் ஒன்றையொன்று கண்டு கொள்வதில்லை. இன்ஜினுக்குள் நெருப்பின் சூடு சுமார் 1,400 டிகிரியைத் தாண்டினால் இரண்டும் வேகமாகச் சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடு என்ற நச்சு வாயு ஆகிவிடும். அது மூச்சுக் குழாயை எரிச்சல் படுத்தும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பை அதிகப்படுத்தும். ஆக்ஸிஜன் குறைந்த புகையில் கொஞ்சத்தை உள்ளே கலந்து விட்டால் நெருப்பின் உக்கிரம் குறையும். விறகடுப்பில் தணல் அதிகமானால் மேலே கொஞ்சம் சாம்பலைத் தூவி அடக்குவார்களே, அந்தத் தந்திரந்தான்.

இதன் பின்னால் ஒரு கதையும் இருக்கிறது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் 1940-களில் பகலிலேயே பழுப்பு நிறப் புகைமூட்டம் சூழ்ந்து, கண் எரிந்து ஜனங்கள் அவதிப்பட்டார்கள். அன்னாசிப் பழத்துக்கு அந்த மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்து கொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன விஞ்ஞானி அந்தக் காற்றை எடுத்துப் பரிசோதித்தார். கார்ப் புகையில் இருக்கும் எரியாத எண்ணெய் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடும் வெயிலில் சேர்ந்துதான் இந்தப் புகைமூட்டம் உண்டாகிறது என்று 1950-களின் தொடக்கத்தில் எடுத்துக் காட்டினார். அதன் பிறகு அங்கே சட்டங்கள் வந்தன. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் இந்த வால்வு வர ஆரம்பித்தது.

நம் நாட்டிலும் விதிகள் படிப்படியாக இறுகின. 2010-ல் பெரிய நகரங்களில் வந்த பி.எஸ். 4 விதியில், ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்ஸைடு வரைதான் விடலாம் என்றிருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வந்த பி.எஸ். 6-ல் அது 80 மில்லிகிராமாகக் குறைந்தது.

"சரி, ஹைவேயில மட்டும் ஏன் ஒழுங்கா ஓடுது?" என்று என் புதிருக்கு வந்தேன்.

"அந்த வால்வு எப்பவும் திறந்திருக்காதும்மா. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும். மேடு ஏறுறப்போ முழு பலம் வேணும், அப்பவும் மூடிக்கும். நிதானமா ஒரே வேகத்துல ஓடுறப்போதான் நல்லாத் திறக்கும். நம்ம வண்டியில அது திறந்த வாக்குலயே மாட்டிக்கிட்டிருந்தா, திறந்திருக்க வேண்டிய நேரத்துல ஒண்ணும் தெரியாது. மூட வேண்டிய நேரத்துலதான் தகராறு தெரியும். நீ எழுதியிருக்கிறது அப்படியே இருக்கு பார்!"

நோட்டை எடுத்து வரிக்கு வரி பார்த்தோம். குளிர்ந்த காலையில் நடுக்கம், சரி. மேம்பாலத்தில் திணறல், கறுப்புப் புகை, சரி. நல்ல காற்றுக்குப் பதில் புகை வந்தால் டீசல் முழுதாக எரியாமல் கரியாக வெளியேறுகிறது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சந்தான். அதிலும் புகையின் பங்கு அளவுக்கு மேலே போனால் மூச்சு முட்டி அணைகிறது. நெடுஞ்சாலையில் சுகம், அதுவும் சரி. எனக்கு உடம்பு புல்லரித்தது. ஆனாலும் அவன் மாணவன்தானே. கைதேர்ந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஐந்நூறு ரூபாய் வைத்தியம்

நடுவில் இன்னொரு யோசனையும் வந்தது. என் கணவரின் சிநேகிதர் ஒருவர், "இதுக்குப் போய் ஏன் அலையறே? அந்தப் பைப்புக்கு நடுவுல ஒரு தகடு வெச்சு அடைச்சுட்டாப் போச்சு. ஐந்நூறு ரூபா வேலை. எத்தனையோ பேர் பண்ணிக்கிறாங்க. பிக்-அப்பும் ஏறும்" என்றார். புகைப் பரிசோதனையில் மாட்டிக் கொள்ள மாட்டோமா என்று அவர் கேட்டதற்கு, "டீசல் காருக்குப் புகை எவ்வளவு கறுப்பா இருக்குன்னுதான் பார்ப்பாங்க. அடைச்சா கறுப்பு குறையத்தான் செய்யும்" என்று பதில் வந்தது.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. கண்ணுக்குத் தெரிகிற கறுப்புக் கரி குறையும். கண்ணுக்குத் தெரியாத அந்த நைட்ரஜன் ஆக்ஸைடு ஏறும். அதை அந்தப் பரிசோதனை அளப்பதில்லை. வண்டியில் கம்பெனி பொருத்திக் கொடுத்த புகைக் கட்டுப்பாட்டை எடுத்து விடுவது சட்டத்துக்கும் ஒவ்வாது.

62,000 ஒரு பக்கம், 500 ஒரு பக்கம் என்றால் எந்தக் குடும்பத் தலைவருக்கும் மனசு எங்கே சாயும்? அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். "ஊர்ல ஆயிரம் வண்டி ஓடுது. நம்ம ஒரு வண்டியால என்ன ஆகிடப் போகுது?" என்றார்.

எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் நாலு வயசுக் குழந்தை ஒன்று இருக்கிறது. மார்கழி வந்து விட்டால் ராத்திரியெல்லாம் அதற்கு இழுப்பு. நெபுலைசர் மெஷின் ஓடுகிற சத்தம் எங்கள் வாசலுக்குக் கேட்கும். எங்கள் கார் தினமும் காலையில் ஸ்டார்ட் ஆகிறது அந்த வீட்டு ஜன்னலுக்கு நேரே. அதைச் சொன்னேன். "நம்ம வீட்டு எச்சில் இலையைக் கொண்டு போய் அவங்க வாசல்ல போடுவோமா? இது அதை விட மோசமில்லையா? இலைன்னா கண்ணுக்குத் தெரியும், அவங்களும் வந்து சண்டை போடலாம்" என்றேன்.

அவர் பதில் பேசவில்லை. கட்டிலில் படுத்திருந்த மாமியார்தான் பேசினார். "டேய், என் உடம்புல அழுக்கை எடுக்கிற உறுப்பு நின்னு போனதால வாரத்துக்கு ரெண்டு நாள் நான் படற பாடு உனக்குத் தெரியும். வண்டிக்கு இருக்கிறதை நாமளே அடைக்கணுமா? எனக்காக வாங்கின வண்டி. என் பேரைச் சொல்லி அடுத்தவங்க குழந்தைக்கு மூச்சு முட்ட வேண்டாம்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மெக்கானிக் பார்த்த விதம்

திருவானைக்கோவில் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறை. அந்த மெக்கானிக் தம்பிக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். என் கணவர் நோட்டை நீட்டியதும் முதலில் சிரித்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்று விட்டது. "அக்கா, எல்லாரும் 'வண்டி சரியில்லை'ன்னு மட்டும் சொல்லிட்டு சாவியைக் கொடுத்துட்டுப் போவாங்க. நீங்க பாதி வேலையை முடிச்சுட்டீங்களே!" என்றார். பிறகு அவர் செய்ததை நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டே இருந்தேன்.

முதலில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஒரு பிளக்கில் ஸ்கேனர் கருவியைச் செருகினார். பி 0402 என்ற எண் வந்தது. இ.ஜி.ஆர். வழியாகப் புகை தேவைக்கு மேல் போகிறது என்று அர்த்தமாம். பி 0401 என்றால் போதுமான அளவு போகவில்லை. பி 0403 என்றால் அதன் மின் இணைப்பில் கோளாறு. பி 0404 என்றால் வால்வு சொன்ன இடத்தில் வந்து நிற்கவில்லை. எண்ணை அழிப்பதற்கு முன் ஒரு காகிதத்தில் குறித்துக் கொண்டார்.

"இந்த நம்பரை மட்டும் நம்பி சாமான் மாத்தக் கூடாதுக்கா. இது தெருப் பேரைச் சொல்லும், வீட்டு நம்பரை நாமதான் தேடணும்" என்றார்.

தேடினார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். அது அடைத்திருந்தாலும் கறுப்புப் புகை வரும். காற்றின் அளவைச் சொல்லும் சென்சாரின் கணக்கைப் பார்த்தார். டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிக் கொண்டே வந்தார். அதில் கிழிசல் இருந்தாலும் இழுவை குறையும். எல்லாம் நன்றாக இருந்தன. நான் எழுதியிருந்த கூலன்ட் வரியையும் கவனித்தார். வெளியே ஒழுகாமலே கூலன்ட் குறைந்து, வெள்ளைப் புகையும் வந்தால், அந்தப் புகையைக் குளிர வைக்கும் இ.ஜி.ஆர். கூலர் உள்ளே ஓட்டையாகியிருக்கலாமாம். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பிறகுதான் முக்கியமான பரிசோதனை. இன்ஜின் ஓடும்போதே ஸ்கேனர் வழியாக வால்வுக்கு 'மூடிக் கொள்' என்று கட்டளை கொடுத்தார். திரையில் கட்டளை பூஜ்யம் என்று காட்டுகிறது. வால்வு நிற்கும் இடமோ 28 என்று காட்டுகிறது. மூன்று தடவை செய்தார். 28-ஐ விட்டு இறங்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னால் நடுவில் செருப்பு மாட்டிக் கொண்ட மாதிரி!

இன்ஜின் நன்றாக ஆறும் வரை காத்திருந்து வால்வைக் கழற்றினார். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். உள்ளே பார்த்தால், ஐயோ! நம் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் தாளிக்கிற எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கட்டியாகி ஒட்டிக் கொள்ளுமே, அச்சாக அப்படி. புகையின் கரியும், இன்ஜின் ஆயிலின் ஆவியும் சேர்ந்து தார் மாதிரி இறுகி, மூடி உட்கார வேண்டிய இடத்தை அடைத்திருந்தது.

அதற்கென்றே இருக்கும் ஸ்பிரேயை அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் கரியை எடுத்தார். மின்சாரப் பகுதியில் ஒரு சொட்டுப் படாமல் தலைகீழாகப் பிடித்துக் கொண்டார். முரட்டுத் தனமாகச் சுரண்டவில்லை. கீறல் விழுந்தால் மறுபடி சரியாக மூடாதாம். புகை வரும் பாதையையும் சுத்தம் செய்தார். புது கேஸ்கட் வைத்து மாட்டினார். ஸ்கேனரில், மூடிய நிலை எது என்பதைக் காருக்குப் புதிதாகக் கற்றுக் கொடுத்தார். எண்ணை அழித்து, எங்களையும் ஏற்றிக் கொண்டு அதே மேம்பாலத்தில் போய் வந்தார். புகை இல்லை, பிள்ளையாரும் ஆடவில்லை. பில் 2,800 ரூபாய். டர்போவுக்கும் இன்ஜெக்டருக்கும் வேலையே இல்லை.

"எல்லா வண்டிக்கும் இது போதும்னு நினைச்சுக்காதீங்கக்கா. வால்வுல இருக்கிற மோட்டார் போயிருந்தா, எவ்வளவு கழுவினாலும் பிரயோஜனமில்லை, புதுசுதான் போடணும். கழுவிப் பார்த்துட்டு, கட்டளைக்கு ஒழுங்கா ஆடுதான்னு பார்த்துட்டு, அப்புறம் முடிவு பண்ணணும்" என்றும் எச்சரித்தார். நேர்மையான பேச்சு.

ஏன் இப்படிக் கரி பிடிக்கிறது என்று கேட்டேன். போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு கிலோமீட்டர், அதிலும் காவிரிப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து போவது என்று எங்கள் வண்டியின் தினசரி வாழ்க்கையே அதற்குத் தோதாக இருக்கிறதாம். இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் பிரயாணம் முடிந்து விடுகிறது. மாமியாரின் டயாலிசிஸை நெடுஞ்சாலைக்கு மாற்ற முடியாது! அதனால் இப்போது வாரம் ஒரு நாள், கோவிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ, இன்ஜின் சூடேறிய பிறகு முப்பது கிலோமீட்டர் தொடர்ந்து ஓட்டுகிறார். ஏற்கெனவே இறுகிய கரி இதனால் போகாது. புதிதாகச் சேர்வது குறையும். ஆயிலைக் குறித்த காலத்தில், கம்பெனி சொன்ன ரகத்திலேயே மாற்றுகிறோம். வண்டியை நிறுத்தி வைத்து வெகு நேரம் இன்ஜினை ஓட விடுவதில்லை.

சகோதரிகள் கவனிக்க

1. கார் தொல்லை கொடுத்தால் எப்போது என்று எழுதுங்கள். குளிர்ந்தபோதா, சூடானபோதா? நிற்கும்போதா, மேடு ஏறும்போதா, ஒரே வேகத்தில் ஓடும்போதா?

2. புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் காற்றுக்குறைவு அல்லது டீசல் மிகுதி. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் விடாத வெள்ளைப் புகையோடு கூலன்ட் குறைந்தால் உடனே காட்ட வேண்டும்.

3. பெட்ரோல் காரில் இந்த வால்வு திறந்தபடி மாட்டினால், நிற்கும்போது நடுங்கி அணையும். மூடியபடி அடைத்துக் கொண்டால், மேடு ஏறும்போது 'டக டக' என்று தட்டுகிற சத்தம் கேட்கலாம். டீசல் காரில் மூடியபடி மாட்டினால் ஓட்டுகிறவருக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது. மஞ்சள் விளக்குத்தான் சொல்லும். 'நன்றாகத்தானே ஓடுகிறது' என்று அந்த விளக்கை அலட்சியம் செய்யாதீர்கள்.

4. மஞ்சள் விளக்கு சீராக எரிந்தால் சீக்கிரம் பட்டறைக்குப் போகலாம். அது விட்டு விட்டு எரிந்தாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஓரமாக நிறுத்தி விட வேண்டும்.

5. சாமான் மாற்றச் சொன்னால், "எந்த எண் வந்தது? வேறு என்னென்ன பார்த்தீர்கள்? கட்டளைக்கு வால்வு அசைகிறதா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். கேட்பதற்குக் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

6. சூடான இன்ஜினில் கை வைக்காதீர்கள். கூலன்ட் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விட்டுச் சோதிக்காதீர்கள். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு ஆளைக் கொல்லும். ஸ்பிரே அடிக்கும் இடத்தில் குழந்தைகள் வேண்டாம்.

7. "அடைத்து விடலாம்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால், எப்போதிலிருந்து, எதைச் சாப்பிட்ட பிறகு, ராத்திரி எத்தனை தடவை என்று டாக்டருக்குச் சொல்லுகிறவர்கள் நாம்தான். அதே கவனத்தை வாசலில் நிற்கிற வண்டி மேலும் கொஞ்சம் வையுங்கள். நம் பணம் மிஞ்சும். தெருவில் விளையாடுகிற குழந்தைகளுக்கும் நல்ல மூச்சு மிஞ்சும்.